கொல்லைப்பக்கம் வந்த அம்பு

கண்ணை மூடு என்றால் கண் மூடும், புத்தி மூடுமா. கண்ணின் பாவையை விரிக்கிற மருந்தை முதல் சொட்டு விட்டு முடித்ததும் அந்த நர்ஸ் பெண், “திறக்காதீங்கக்கா, அடுத்த சொட்டுக்கு நானே வருவேன்” என்று சொல்லி ஒரு பஞ்சுத் துண்டைக் கையில் திணித்துவிட்டுப் போனாள். அருள்செல்வியும் எரிச்சல் அடங்குகிற வரைக்கும் நல்ல பிள்ளையாக மூடிக்கொண்டுதான் இருந்தாள். கண்ணாஸ்பத்திரியின் அந்த நீண்ட வராந்தாவில் வரிசையாக நாற்காலிகள், நாற்காலிக்கு ஒரு மூடிய முகம், யாரும் தூங்கவில்லை, யாரும் முழித்திருக்கவும் இல்லை. அப்படியே இருந்திருக்கலாம். சிக்கந்தர் வாடிக்கையாளரிடம் லேபிள்களைக் காட்ட ஆரம்பித்துவிட்டானா என்று பார்க்கத்தான் போனை எடுத்தாள், அதுவும் வலது கண்ணை மட்டும் திறந்து, நர்ஸுக்கு மரியாதையாக இடது கண்ணை மூடி வைத்துக்கொண்டு. ஆரம்பித்திருந்தான். நன்னாரி சர்பத் கம்பெனியின் பெரிய டிவியில் இந்நேரம் தெரிந்துகொண்டிருப்பது எதுவோ அதுவேதான் அவள் உள்ளங்கையிலும் தெரிந்தது. அவனும் அவளும் நடத்துகிற ஸ்டுடியோவில் வேலை பூராவும் ஒரே பலகையில்தான். இணையத்தில் விரிந்து கிடக்கிற, ஓரம் என்பதே இல்லாத ஒரு வெள்ளைப் பரப்பு. யார் எங்கிருந்து திறந்தாலும் அதேதான் திறக்கும், யார் கை வைத்தாலும் அடுத்தவருக்குத் தெரியும். அவனுடைய மவுஸ் அம்பு ஆரஞ்சு நிறம், வாலில் சிக்கந்தர் என்று பெயர் கட்டிக்கொண்டு ஓடும். அம்பு முதல் லேபிளின் மேல் நின்றது. பேசிக்கொண்டிருக்கிறான் போல. நல்லது என்று நினைத்து, மொத்தப் பலகையையும் ஒரு தரம் பார்க்கலாமே என்று திரையை இரண்டு விரலால் கிள்ளிச் சுருக்கினாள். லேபிள்கள் தீப்பெட்டி அளவுக்கு ஆயின, இன்னும் சுருக்கினாள், அரிசி அளவுக்கு ஆயின, அப்போது வலது கீழ்மூலையில் இருக்கக்கூடாத ஒரு கட்டம் இருந்தது. மஞ்சள் தலைப்பு. அந்த மஞ்சளை அவளுக்குத் தெரியும். அதைத் தேர்ந்தெடுக்க ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்தவளே அவள்தான்.

இல்லை, அது வேறு எதுவோ. ஜிகர்தண்டா கடைக்குப் போட்டுப் பார்த்த பழைய மஞ்சள். சர்பத்துக்கே ஒரு மஞ்சள் போட்டுப் பார்த்தோமே. பெரிதாக்கினாள். மஞ்சள் பட்டையில் அவள் பெயர், முழுப் பெயர், கீழே அவள் வேலை கேட்கிற பெங்களூர்க் கம்பெனியின் பெயர், அதற்குக் கீழே பெட்டி பெட்டியாக அவள் செய்த வேலைகள், எல்லாவற்றுக்கும் அடியில் ஒற்றை வரி. உங்களைப் பற்றி ஒரே பக்கத்தில் வடிவமைத்து அனுப்புங்கள், இப்போதைய இடத்தை விட்டு ஏன் வர விரும்புகிறீர்கள் என்பதை ஒரு வரியில் அதிலேயே சொல்லுங்கள், அதுதான் பரீட்சை என்று கேட்டிருந்தார்கள். அவளும் இங்கிலீஷில் சொல்லியிருந்தாள். இங்கே நான் கற்றுக்கொள்ள இனி ஒன்றும் இல்லை. அப்படித்தான் எழுதினாள். அந்த மாதிரி இடங்களில் அந்த மாதிரிதான் எழுத வேண்டும், எல்லாரும் எழுதுகிறார்கள், அது ஒரு சம்பிரதாயம், கல்யாணப் பத்திரிகையில் சுற்றமும் நட்பும் சூழ என்று போடுவதில்லையா, அது மாதிரி. மாதிரியாவது மண்ணாவது. இந்த வரியை சிக்கந்தர் படித்தால் சம்பிரதாயம் என்றா படிப்பான். இங்கே என்றால் எங்கே. இங்கே இருப்பது அவனும் அவளும் இரண்டு மேஜையும்தானே, மூன்றாவதாக ஆள் உண்டா, அப்புறம் இங்கே என்றால் யார்.

எப்படி வந்தது இது இங்கே என்று கேட்பதில் அர்த்தமில்லை, கேட்காமலும் இருக்க முடியவில்லை. நேற்று சாயங்காலம். அவளுடைய சொந்தப் பலகை ஒரு பக்கம், ஸ்டுடியோ பலகை ஒரு பக்கம், இரண்டும் வெள்ளை, இரண்டும் ஒரே முகம். டிசைன் செய்கிற யாரும் அசலில் கை வைப்பதில்லை. முதலில் ஒரு நகல் எடுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, அப்புறம்தான் அதைப் பிய்ப்பார்கள். அனுப்புமுன் கடைசியாகத் திருத்தலாம் என்று அந்தப் பழக்கத்தில் மொத்தப் பக்கத்தையும் நகல் எடுத்தாள், நடுவில் பழைய லேபிள் ஒன்றில் நன்னாரி என்ற எழுத்தின் அளவு என்ன வைத்தோம் என்று பார்க்க ஸ்டுடியோ பலகையின் கீழ்மூலைக்குத் தாவினாள், கை அதன் பாட்டுக்கு ஒட்டு என்று அழுத்தியிருக்கிறது. கை யோசிப்பதில்லை. கைக்கு எந்தப் பலகை என்று தெரியாது. அந்த நேரம் பார்த்து சிக்கந்தர் உள்ளே வந்து, ஏ அருளு, டீ குடிக்க வர்றியா இல்லியா என்று கேட்க, திருடிய பிள்ளை மாதிரி லேப்டாப் மூடியைச் சட்டென்று சாத்திவிட்டு எழுந்தாள். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் என்றால் சேமிக்கவா வேண்டாமா என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்கும். இது கேட்காது. நீ செய்த தப்பை நீ செய்த நிமிஷமே பத்திரப்படுத்திவிடும். அவனோடு போய் டீ குடித்தாள், வாழைக்காய் பஜ்ஜி கூடத் தின்றாள். நெஞ்சில் ஒட்டாமல் எப்படி இறங்கியது அது.

சரி. பார்க்க மாட்டான். லேபிள்கள் பலகையின் இடது மேல்பக்கம், இது வலது கீழ்மூலை, நடுவில் மதுரை மாட்டுத்தாவணிக்கும் பெரியார் நிலையத்துக்கும் உள்ள தூரம். பார்க்க மாட்டான். பார்ப்பான். ஏனென்றால் அவன் கொல்லைக்குப் போவான். கொல்லை என்பது அவர்கள் இரண்டு பேரும் வைத்த பெயர். செய்து பார்த்து வேண்டாம் என்று தள்ளியவை, பாதியில் விட்டவை, சண்டை போட்டுக் கிழித்தவை, எல்லாவற்றையும் அழிக்காமல் பலகையின் வலது ஓரத்தில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள், அதுதான் கொல்லை. மற்ற ஸ்டுடியோக்காரர்கள் வாடிக்கையாளர் வருகிறார் என்றால் அந்த இடத்தைப் பெருக்கித் துடைத்துவிடுவார்கள். சிக்கந்தர் நேர்மாறு. கூட்டம் முடிகிற நேரத்தில், வாங்க சார், எங்க கொல்லையக் காட்டுறேன் என்று கூட்டிக்கொண்டு போவான். முன்னெல்லாம் எப்போதாவதுதான் காட்டுவான். ஏஐ மெஷின் படம் போட ஆரம்பித்த பிறகு எல்லாரிடமும் காட்டுகிறான். சர்பத் கம்பெனிக்காரரின் மூத்த மகன் போன வாரம் கேட்டுவிட்டார், தப்பா நினைக்காதீங்க தம்பி, இதெல்லாம் இப்ப மெஷினே போட்டுக் குடுத்துருதாம்ல. சிக்கந்தர் கோபப்படவில்லை. போட்டுக் குடுக்கும் சார், ஆனா அதுக்குக் கொல்லை கிடையாது, அடுத்த வாரம் எங்க கொல்லையக் காட்டுறேன், பாருங்க என்று சொல்லிவிட்டு வந்தான். அடுத்த வாரம் என்பது இன்றைக்கு. வாக்குக் கொடுத்திருக்கிறான்.

மெஷினைச் சொல்லிக் குற்றமில்லை. அவளும்தான் கேட்டுப் பார்த்தாள். நன்னாரி வேர் ஒன்று வேண்டும் என்று தட்டிவிட்டு டீ போட எழுந்து போனாள், திரும்பி வருவதற்குள் வேராகப் போட்டுக் குவித்து வைத்திருந்தது, எல்லாமே அழகு, எல்லாமே பளபளப்பு, ஒன்றுகூட நன்னாரி இல்லை, இஞ்சிக்கும் இஞ்சியின் ஒன்றுவிட்ட தம்பிக்கும் பிறந்தது மாதிரி இருந்தன. சிக்கந்தர் சிரிக்கவே இல்லை. நாட்டு மருந்துக் கடையில் போய் ஒரு கட்டு வேர் வாங்கி வந்து மேஜையில் பரப்பினான். ஸ்டுடியோ பூராவும் அந்த வாசனை. மூன்று நாள் வரைந்தான். அந்த மூன்று நாளும் அவளுக்கு உள்ளே என்னவோ செய்தது, பொறாமை இல்லை, பயம். இவன் மூன்று நாள் ஒரு வேரை வரைகிறான், அதற்குள் உலகம் எங்கேயோ போய்விட்டதே, இன்னும் கொஞ்ச காலத்தில் நம்மை எவன் கூப்பிடுவான், கூப்பிட்டாலும் வேர் வரையவா கூப்பிடுவான் என்று ஒரு பயம். ராத்திரி படுத்தால் அதே. நாம் நிற்கிற கிளையை யாரோ அறுக்கிறார்கள், இவன் கிளையில் உட்கார்ந்து இலை எண்ணுகிறான். பெங்களூரில் பெரிய கூடம், நூறு பேர், மேலே ஒருத்தர் இருந்து இது போதும் முடிந்தது என்று சொல்லுவார். அந்தப் போதும் என்ற சொல்லைக் கேட்க அவளுக்கு ஆசையாக இருந்தது. கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை என்பது பொய். பயமாக இருக்கிறது என்பதுதான் நிஜம். அதை எந்தக் கம்பெனி ஒரு வரியில் எழுதச் சொல்லும்.

அம்பு எங்கே. இரண்டாவது லேபிள். இன்னும் நேரம் இருக்கிறது. போன் பண்ணலாம், எடுக்க மாட்டான், கூட்டத்தில் போனைக் கவிழ்த்து வைப்பான். வாட்ஸப்பில் ஒரு வரி. கொல்லைக்குப் போகாதே என்று தட்டினாள், அனுப்பும் முன் நிறுத்தினாள். அவன் லேப்டாப்பில் வாட்ஸப்பும் திறந்திருக்கும், செய்தி வந்தால் டிவியின் மூலையில் எட்டிப் பார்க்கும், சர்பத் குடும்பமே படிக்கும். தவிரவும் போகாதே என்றால் போகாமல் இருக்கிற ஆளா அவன். அழித்தாள். நெட் ஸ்லோவா இருக்கு சீக்கிரம் முடி என்று தட்டினாள், ஆஸ்பத்திரியில் இருக்கிறவளுக்கு அங்கே நெட் எப்படி இருக்கிறது என்று எப்படித் தெரியும், அதையும் அழித்தாள். அந்தக் கட்டத்தையே அழித்துவிட்டால். விரலால் அழுத்திப் பார்த்தாள், போனில் பார்க்க மட்டும்தான் விடும், தொட விடாது, பெரிய திரையில் திறந்துகொள்ளவும் என்று பணிவாகச் சொன்னது. லேப்டாப் வீட்டில். வண்டி கீழே. சொட்டு விட்ட கண்ணோடு வண்டி ஓட்டினால் கோரிப்பாளையம் சிக்னலைத் தாண்டுவதற்குள் நேராகப் பெரியாஸ்பத்திரிக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டு போகுமா என்பார்கள். இங்கே பூனைக்குக் கண்ணைத் திறந்துகொண்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இந்த ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னதும் அவன்தான். அதை நினைக்கக் கூடாது என்று இருந்தாள், நினைப்பு வந்துவிட்டது. ஒரு மாதமாகத் திரையில் ஒற்றைக் கோடு இரட்டையாகத் தெரிகிறது என்று எப்போதோ வாய்தவறிச் சொன்னாள், உடனே டோக்கன் போட்டுவிட்டான். சர்பத் மீட்டிங் அன்றைக்கா என்றதற்கு, லேபிளை நான் பாத்துக்கிறேன், நீ கண்ணைப் பாரு என்றான். கண்ணைப் பார். இப்போது கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவன் முதுகுக்குப் பின்னால் வைத்த கத்தி அவன் கண்ணில் படுமா என்று. கத்தி என்பதெல்லாம் பெரிய வார்த்தை. வேலைக்கு விண்ணப்பிப்பது உலகத்தில் யாரும் செய்யாத காரியமா. சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான். கிடைத்தால் சொல்லிக்கொள்ளலாம், கிடைக்காவிட்டால் சொல்லவே வேண்டியதில்லையே என்று வைத்திருந்தாள். கெட்டிக்காரி என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள் அப்போது. அவனுக்குச் சென்னையிலிருந்து வந்ததே ஒரு வேலை, அவன் என்ன செய்தான். மின்னஞ்சலைத் தான் முழுசாகப் படிக்கும் முன்பே அவளிடம் திரையைத் திருப்பினான். ஏ அருளு, இங்க பாரு, சென்னையில கூப்பிடுறானுக, என்ன செய்ய. போ, நல்ல இடம் என்றாள், மனசாரத்தான் சொன்னாள். போறதுக்கா ஒன்ட்ட கேக்குறேன் என்றான். அவ்வளவுதான் அந்தப் பேச்சு. அன்றைக்கு அது பெரிதாகத் தெரியவில்லை, இன்றைக்கு நாற்காலியில் கண்ணை மூடினால் அந்த வாக்கியம் மட்டும் வந்து வந்து உட்காருகிறது. போறதுக்கா ஒன்ட்ட கேக்குறேன். போவதற்கு அவள் கேட்கக்கூட இல்லையே.

“மொகத்த மேல தூக்குங்கக்கா. தெறந்து பாத்தீங்களா நீங்க?” நர்ஸ் வந்துவிட்டாள். “இல்லம்மா” என்றாள் அருள்செல்வி. மடியில் போன் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. நர்ஸ் அதைப் பார்த்தாள், சொட்டை மட்டும் கொஞ்சம் தாராளமாக விட்டாள் என்று இவளுக்குத் தோன்றியது. பஞ்சை வைத்து ஒற்றிக்கொண்டு இருட்டுக்குள் உட்கார்ந்தாள். இருட்டும் சரியான இருட்டு இல்லை, செங்கல் நிறத்தில் என்னவோ மிதந்தது. அம்பு இப்போது எங்கே போயிருக்கும். மூன்றாவது லேபிளில் அவன் நிறுத்தி ஒரு கதை சொல்வான், வேரின் கதையை. அவர்கள் சிரிப்பார்கள். அப்புறம் எழுத்தைக் காட்டுவான், இது அருள்செல்வி போட்டது சார், இன்னிக்கு அவங்க வரமுடியல என்பான். கண்டிப்பாகச் சொல்வான். எந்த இடத்திலும் அவள் பெயரை விட்டுவிட்டுப் பேசியதே இல்லை. சொல்லாமல் விட்டாலாவது ஒரு குறை கிடைக்குமே. இத்தனை வருஷத்தில் அவன் மேல் சொல்ல ஒரே ஒரு குறைதான் உண்டு, அந்த இரண்டு புள்ளி. அவள் எதை வைத்தாலும் ஓரத்தை விட்டு, திரைக் கணக்கில் இரண்டு புள்ளி, ஒரு மயிரிழை, இடதுபக்கம் தள்ளி வைத்துவிடுவாள். அவள் கண்ணுக்கு அதுதான் நேர். அவனுக்குத் தாங்காது. ஓட்டலில் மெனு அட்டை கோணலாக ஒட்டியிருந்தால் அதைப் பிரித்து நேராக ஒட்டிவிட்டுத்தான் பரோட்டாவில் கை வைப்பான், சர்வர் வந்து முறைத்தாலும் சரி. காலையில் அவள் பலகையைத் திறந்தால் முந்தின நாள் வைத்ததெல்லாம் இரண்டு புள்ளி வலதுபக்கம் நகர்ந்து ஓரத்தோடு உட்கார்ந்திருக்கும். சொல்ல மாட்டான். கேட்டால், எது, என்பான். ஆரம்பத்தில் அதற்குச் சண்டை போட்டாள், என் வேலையில கை வைக்காத என்று கத்தியிருக்கிறாள். இப்போது பழகிவிட்டது. நகராமல் கிடந்த அன்றைக்கு, ஏன் இவன் நேற்றுச் சீக்கிரம் போய்விட்டானா, உடம்புக்கு என்ன என்றுதான் முதலில் தோன்றும்.

திறந்துவிட்டாள். எதிர்ச்சுவரில் தொங்குகிற அறிவிப்புப் பலகையின் எழுத்து ஓரளவு தெரிந்தது, கையில் இருக்கிற போன் தெரியவில்லை. வெள்ளையாக ஒரு வெளிச்சம், அதில் வண்ணக் கறை. தள்ளிப் பிடித்தாள், கிட்டே பிடித்தாள், நெற்றியைச் சுருக்கினாள். ஆரஞ்சாக ஏதோ ஒன்று இடமிருந்து வலமாகப் போனது, அல்லது போனது போல இருந்தது. வலதுபக்கம் கொல்லை. போகிறான். கூட்டிக்கொண்டு போகிறான் அவர்களை. பக்கத்து நாற்காலியில் முறுக்குக் கடிக்கிற சத்தம். சொட்டு விட்டவர்கள் யாரும் முறுக்குத் தின்றுகொண்டிருக்கவில்லை, ஆகவே இது துணைக்கு வந்த ஆள், ஆகவே இந்த ஆளுக்குக் கண் தெரியும். இந்த நிலைமையிலும் புத்தி கணக்காக வேலை செய்வதைப் பார்த்து அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

“அக்கா, ஒரு சின்ன ஒதவி. இந்த போன்ல என்ன தெரியுதுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா. எனக்கு சொட்டு விட்டாங்க.”

“குடும்மா.” முறுக்குக் கையைப் புடவையில் துடைக்கிற சத்தம். “எங்க வீட்டுக்காரருக்குத்தான் விட்ருக்காங்க. இந்தா, வாயத் தொறந்துக்கிட்டு ஒக்காந்துருக்காரு. உசிலம்பட்டிலருந்து வெள்ளன கெளம்பி வந்தோம். என்னமோ படம் படமா இருக்கே, என்னா இது?”

“வேலை செய்ற எடம்க்கா. அதுல ஆரஞ்சு கலர்ல ஒரு அம்பு இருக்கும். எங்க நிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க.”

“அம்பா? ஆங், இருக்கு. பொடிசா. ஓடுது. கொடி மாதிரி வேரு மாதிரி நெறயா இருக்குல்ல, அதுக்கு மேல சுத்துது.” அது வேர் வரைந்து வரைந்து தள்ளிய இடம். கொல்லையின் வாசல். “இப்ப பாட்டிலுக்கு வந்துருச்சு. கோணப் பாட்டிலு ஒண்ணு, அதுல நிக்குது.” அந்தக் கோணல் பாட்டிலில் எல்லாரும் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான், அத்தோடு முடித்துக்கொள்ளடா, அத்தோடு போதும் என்று சொல்லி மேலே போய்விடு. “கீழ வருது” என்றாள் அந்த அம்மாள். அருள்செல்வி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். “ஓரத்துல மஞ்சளா ஒரு பெட்டி இருக்குல்ல. அதுக்கிட்ட வந்து நின்னுருச்சு.” அப்புறம் முறுக்குக் கடிபடுகிற சத்தம்தான் வந்தது. “அக்கா?” “நிக்குதும்மா. அசையல.” எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஒரு வரியைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும். அந்த வரியைப் படிக்க. திரும்பப் படிக்க. பக்கத்தில் சர்பத் கம்பெனிக்காரர்கள் இது என்ன தம்பி என்று கேட்க, அவன் என்ன சொல்ல. முழுப் பூசணிக்காயை எந்தச் சோற்றில் மறைப்பான். “போயிருச்சு” என்றாள் அந்த அம்மாள். “விர்ருனு மேல போயிருச்சு. சீசா லேபிள்கிட்ட.”

பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இப்படிப் போவானா. பார்த்ததால்தான் இப்படிப் போனான். அவன் மவுஸை விர்ரென்று ஓட்டுகிற ஆள் இல்லை, அவனுடைய அம்பு எப்போதும் நடக்கும், ஓடாது. ஆனால் இந்த அம்மாளுக்கு விர்ரென்பது எதுவோ. சின்ன எழுத்து, இங்கிலீஷ், டிவியில் சுருக்கி வைத்துப் பார்த்தால் யாருக்குப் படிக்க வரும். பெயர் பெரிதாக இருக்கிறதே. பெயர் பெரிதாக இருந்தால் என்ன, அருள்செல்வி என்னவோ போட்டுப் பார்த்திருக்கிறாள் என்று நினைத்திருப்பான். கம்பெனிப் பெயரும் பெரிதாக இருக்கிறதே. சாயங்காலம் போய் முதல் வேலையாக அழித்துவிட வேண்டும். இல்லை, சாயங்காலம் போய் முதல் வேலையாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டு அழிக்கலாம். அழித்துவிட்டுச் சொல்லலாம். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன. ஆனால் தலைக்கு மேல் போய்விட்டதா என்பதுதானே தெரியவில்லை. போனை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள்.

“இரு இரு. திரும்ப வருதும்மா” என்றாள் அந்த அம்மாள். அவளுக்கு இப்போது இந்த விளையாட்டில் ருசி தட்டிவிட்டது போல. “நேரா வருது. அந்த மஞ்சப் பெட்டிக்கேதான் வருது.”

“அக்கா, ரெண்டு வெரலையும் வச்சு விரிங்க. பெருசாகும்.”

“ஆயிருச்சு. ஆத்தாடி, எவ்வளவு பெருசு. மேல எழுத்து இருக்கு, நடுவுல பெட்டி பெட்டியா இருக்கு, அடியில ஒத்த வரி. அந்த ஒத்த வரிமேல போய் நின்னுருச்சு. இப்ப அந்த வரியச் சுத்தி ஆரஞ்சுல கட்டம் கட்டிருச்சு.”

அழிக்கப் போகிறான். அதுதான் சரி, அழிக்கட்டும், அழித்துவிட்டு அவளைக் கூப்பிட்டுத் திட்டட்டும். என் மூஞ்சியப் பாத்துச் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்கட்டும். கேட்டால் பதிலுக்கு அவளும் சொல்ல ஆயிரம் இருக்கிறது, நீ மட்டும் என்ன, வேர் வரைந்துகொண்டே இருந்தால் ஆயிற்றா என்று கத்தலாம், அழலாம், டீக்கடையில் போய் முடிக்கலாம். அழி என்று மனசுக்குள் சொன்னாள். சிக்கந்தரு, அழி.

“லேசா நகந்துச்சும்மா” என்றாள் அந்த அம்மாள்.

“என்னது?”

“அந்த வரி. எறும்பு நகந்தாப்புல இந்தப் பக்கம் லேசா நகந்துச்சு. இந்தா, இன்னொருக்க. அம்புட்டுத்தான், நின்னுருச்சு.”

“எந்தப் பக்கம்க்கா?”

“சோத்தாங்கைப் பக்கம். முன்ன அது மட்டும் கொஞ்சம் தள்ளி துருத்திக்கிட்டு இருந்துச்சு. இப்ப மேல பெட்டியெல்லாம் ஆரம்பிக்குதுல்ல, அதோட ஓரத்துக்கு நேரா ஒக்காந்துருச்சு. கட்டத்தையும் எடுத்துருச்சு.” கொஞ்ச நேரம் தேடினாள். “அம்பக் காணோமே. எங்கிட்டும் காணோம்மா. போயிருச்சு போல.”

இரண்டு புள்ளி. கற்றுக்கொள்ள இனி ஒன்றும் இல்லை என்று எழுதி அதையே கோணலாக வைத்திருக்கிறாள், அவன் அந்த வரியைப் படித்து முடித்த பிறகும் அது கோணலாகப் போய்ச் சேரக்கூடாது என்று நிமிர்த்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். இதோடு சண்டை போட முடியாது. அழித்திருந்தால் இரு என்று அர்த்தம், சரி செய்திருக்கிறான் என்றால் போ என்று அர்த்தம், அதுவும் நல்லபடியாகப் போ என்று. அவளுக்கு வலித்தது, பிடிபட்டதற்காக இல்லை, விடப்பட்டதற்காக. கையிலிருந்த பஞ்சை எங்கேயோ தவறவிட்டிருந்தாள். போன் அந்த அம்மாளின் கையிலேயே ஒரு தரம் சிணுங்கியது.

“என்னமோ வந்துருக்கும்மா. தமிழ்லதான் இருக்கு. படிக்கவா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் எழுத்துக் கூட்டிப் படித்தாள். “லேபிள் ஓகே ஆயிருச்சு. கண்ணுக்கு என்ன சொன்னாங்க. அம்புட்டுத்தான் போட்ருக்கு. யாரும்மா, ஒங்க வீட்டுக்காரரா?”

“இல்லக்கா. கூட வேலை பாக்கிறவன்.”

சொன்ன பிறகு அந்த வார்த்தை வாயிலேயே நின்றது. கூட வேலை பார்க்கிறவன். இன்றைக்கு வரைக்கும் அது பொய் இல்லை. அந்த அம்மாள் போனை அவள் மடியில் வைத்து, கையையும் ஒரு தரம் தட்டிக் கொடுத்துவிட்டு, வாய் திறந்து உட்கார்ந்திருந்த தன் புருஷனிடம் திரும்பி, தண்ணி குடிக்கிறீகளா என்று கேட்டாள். வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து நர்ஸின் செருப்புச் சத்தம் ஒவ்வொரு நாற்காலியாக நின்று நின்று வந்தது. அருள்செல்வி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, இப்போதுதான் முதல் தரம் சொன்ன பேச்சைக் கேட்கிறவளாக, நேராக உட்கார்ந்தாள்.

“மொகத்தத் தூக்குங்கக்கா” என்றாள் நர்ஸ். தாடையைப் பிடித்துத் தானே தூக்கினாள், விரலால் இமையை இழுத்துப் பார்த்தாள். “என்னக்கா இது, அழுதீங்களா? விட்ட மருந்து பூராம் வெளிய வந்துருச்சே. இனி முதல்லருந்து விடணும்.”

“விடும்மா” என்றாள் அருள்செல்வி. “உக்காந்திருக்கேன்.”